குளிர்கால மேலங்கி

புதுக்கோட்டைச் சீமையிற் பிறந்து வளர்ந்தோர் குளிர்கால மேலங்கியைப்பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஆண்டின் பெரும்பகுதியும் வெயில் காயும் மண் நம்முடையது. தோளிற் கிடக்கும் துண்டையும் எடுத்து விசிறிக்கொள்ளும் ஊரில், 'ஓவர்கோட்டு' என வழங்கும் கம்பளி நெடுஞ்சட்டைக்கு வேலை யாது என்று வினவுவோர் வினவுக. விடை எளியதே. அவ்வாடை நம் மண்ணிற்கு வேண்டாததாயினும், நம் மக்கட்கு வேண்டியதாயிற்று. முன்னாளில் இலங்கைக்கும் மலேயாவுக்கும் சென்றோர் வழியினர் இந்நாளில் இங்கிலாந்துக்கும் செருமனிக்கும் கனடாவுக்கும் செல்கின்றனர். நம் கல்லூரியிற் பயில்வோருள்ளும் மேற்படிப்பை நாடிக் கடல்கடக்கக் கருதுவோர் உளர். அவர் பெட்டியில் வைக்கும் பொருள்களுள் விலையும் எடையும் மிக்கது, வாங்குவோர் தாம் அதுவரை அணிந்தறியாதது, இம்மேலங்கியே. ஆதலின் அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையையும், அணியும் முறையையும், அதனினும் மேலாக அதனை வாங்க இயலாதார்க்கு நாம் செய்யக்கடவதையும் ஈண்டு ஆராய்தல் பயனுடைத்து.

யாம் கூற விழைவது சுருங்கச் சொல்லின் இதுவே. மேலங்கியைத் தேர்வது குளிராக வேண்டும், கண்ணாதல் கூடாது. குளிர் நீங்கியவழி அது பெட்டியில் உறங்கவும் கூடாது. குளிருக்குச் செல்லும் மற்றொருவன் தோளை அடைதல் வேண்டும்.

குளிர் தமிழர்க்குப் புதிதன்று. ஓராண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த நம் முன்னோர், கூதிர், முன்பனி, பின்பனி என அவற்றுள் மூன்றினைக் குளிருக்கே உரிமையாக்கினர். நெடுநல்வாடை வாடைக்கு நடுங்கும் கோவலரை நமக்குக் காட்டுகின்றது. சத்திமுற்றப் புலவர் போதிய ஆடையின்றி மதுரைமாநகரிற் குளிரால் ஒடுங்கிக்கிடந்த நிலையைத் தமிழ் பயின்றோர் அனைவரும் அறிவர். ஆயினும் அளவு நோக்கின் நம் குளிர் மிகச் சிறிது. நம் மாவட்டத்தில் மார்கழி, தை இரவுகளிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகை சென்டிகிரேடை ஒட்டியே நிற்கும். இலண்டன் மாநகரிலோ சனவரித் திங்களின் நண்பகற்கண்ணும் 8 பாகை அளவே காண்பர். கனடாவின் வின்னிப்பெக் நகரில் அத்திங்களின் இரவுகள் சுழிக்குக் கீழே 20 பாகை வரை இறங்குவது வழக்கம். ஆகவே நாம் குளிர் என்பதும் அந்நாட்டார் குளிர் என்பதும் சொல்லால் ஒன்று, பொருளால் வேறு. இவ்வேறுபாட்டை அறியாமை எத்துணைத் துன்பம் தந்தது என்பதற்குச் சான்றுகள் உள.

1893 ஆம் ஆண்டிற் சிகாகோ நகரிற் கூடிய சமயப் பேரவைக்கு விவேகானந்த அடிகளை அனுப்புதற்கு அளசிங்கப் பெருமாள் முதலிய சென்னை இளைஞர் வீடுதோறும் சென்று பொருள் திரட்டினர். அடிகள் ஏறிய கப்பல் யோக்கோகாமாவினின்று வான்கூவரை நோக்கி வடகடல் வழியே சென்றபோது, தக்க கம்பளியாடை இன்மையால் அவர் குளிரால் மிக வருந்தினார். அனுப்பினோர்க்கு அன்பிற் குறைவில்லை, ஊக்கத்திற் குறைவில்லை. குளிரறியா நாட்டினர் குளிரை நினையாதொழிந்தனர், அவ்வளவே.

மற்றொரு சான்று நம் அண்டை நாடாகிய சோழநாட்டினது. கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை இராமானுசன் 1914 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17 ஆம் நாள் சென்னையிற் கப்பலேறிக் கேம்பிரிட்சை அடைந்தார். குளிர்காலத்தில் ஒருநாள், அங்குப் பயின்றுவந்த மகலனோபிசு என்னும் வங்க மாணவர், இரவிற் போதிய வெப்பம் உண்டோ என்று அவரை உசாவினார். மேலங்கியை அணிந்து, சால்வையையும் போர்த்துப் படுத்தும் குளிர் தாங்கவில்லை என்பது இராமானுசன் விடை. மகலனோபிசு படுக்கையறையிற் சென்று நோக்கினார். கம்பளிப் போர்வைகள் பல, மெத்தையின் அடியில் இறுகச் செருகப்பட்டு, மேல்விரிப்பால் மூடப்பெற்றுக் கிடந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பதை அப்பேரறிஞர்க்கு எவரும் சொல்லிற்றிலர்; அவர் மேல்விரிப்பின்மீதே படுத்துவந்தார். எண்ணின் ஆழத்தை எல்லாம் கண்டவர்க்கு ஒரு போர்வையின் பயன் தெரியாமற்போயிற்றே என்று வியத்தல் வேண்டா. பாயும் தலையணையும் அறிந்த வீட்டிற் பிறந்தார்க்கு அது தெரிதற்கு வழியில்லை. இதனால் நாம் அறியவேண்டுவது, ஆடையைப் பெற்றிருத்தல் மட்டும் போதாது. அதன் பயன்பாட்டையும் கற்றல் வேண்டும் என்பதே.

இன்னும் நெருங்கிய சான்று நம் சீமைக்கே உரியது. புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, சேலம் முதலிய பகுதிகளினின்று பல்லாயிரவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மலைநாட்டிற்குச் சென்று, முதலிற் காப்பித் தோட்டங்களிலும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தனர். நுவரெலியா கடல்மட்டத்தினின்று 1,800 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அம்மலைகளின் மழையிலும் பனியிலும் அவர்க்கு மேலங்கியாய் அமைந்தது தலைமீதிட்டு முதுகிற் படரவிட்ட முரட்டுக் கம்பளியே. கம்பளி என்னும் நம் சொல்லையே ஆங்கிலத் துரைமாரும் தம் கணக்கேடுகளில் எழுதினர். எழுதியதோடு நில்லாது, பல தோட்டங்களில் அதன் விலையைக் கூலியிற் பிடித்தும் வந்தனர். நடுங்கும் உடலை மூடிய துணியே கடனுக்கும் ஒரு காரணமாயிற்று. குளிருக்கு அஞ்சிக் கடன்படுதல் நம் சீமையார்க்கு நேற்றுத் தோன்றியதன்று என்பதை இஃது உணர்த்தும்.

நிற்க. இனி மேலங்கியைத் தேரும் முறையைக் கூறுவாம்.

முதலில் எண்ணவேண்டுவது ஊர். இலண்டன், பாரிசு போன்ற நகரங்களின் குளிருக்குக் கம்பளி மேலங்கி ஏற்றது. வின்னிப்பெக் போன்ற உறைபனி நகரங்கட்கு அது மட்டும் போதாது. பறவையின் மெல்லிறகு திணித்த தடித்த உடுப்பே அங்கு உயிர்காக்கும். சாய்மழை ஓயாது பெய்யும் ஊரில் நீர்காக்கும் மேலுடுப்பு வேண்டும். ஊரை அறியாமல் அங்கியை வாங்குவது, நோயை அறியாமல் மருந்தை வாங்குவதை ஒக்கும். அழகிய படத்தைக் கண்டு வாங்கியவன் படத்தில் உள்ளவனுக்காக வாங்கினானேயன்றித் தனக்காக வாங்கினான் அல்லன்.

அடுத்து எண்ணவேண்டுவது துணி. கம்பளி இழை சுருள் சுருளாய் இருத்தலின் தன்னிடையே காற்றை அடக்கி வைத்துக்கொள்ளும். அவ்வாறு அடங்கிய காற்றே உடலின் வெப்பம் வெளிச்செல்லாமற் காப்பது. தன் எடையில் ஏறக்குறையப் பத்தில் மூன்று பங்கு ஈரத்தை உட்கொண்டும் தொட்டால் நனைந்தது போலத் தோன்றாமை கம்பளிக்கு உள்ள தனிச்சிறப்பு. நம் பக்கத்து ஆடுகளிற் பெரும்பாலன மயிராடுகளே. தமிழ்நாட்டில் நேர்த்தியான கம்பளி தருவது நீலகிரி ஆடு. பஷ்மீனா ஆட்டின் மயிரால் நெய்தது மென்மை மிக்கது, விலையும் மிக்கது. மாணவர்க்கு அஃது ஆகாது. வாங்குவோர் அங்கியின் உட்புறத்தே தைத்துள்ள சீட்டைப் படித்தல் வேண்டும். நூற்றுக்கு எண்பது பங்கேனும் கம்பளியாயிருப்பின் நன்று. செயற்கை இழை மிகுந்தது கண்ணுக்குக் கம்பளி போலவே தோன்றும். காற்றடிக்கும்போது தன் இயல்பைக் காட்டிவிடும். துணியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்து விடுக. சுருக்கம் விரைவில் நீங்குமாயின் அது நல்ல துணி. ஸ்காத்துலாந்தின் மேலைத்தீவுகளில் நெய்யப்பெறும் ஹாரிஸ் ட்வீடு என்னும் துணி, அத்தீவினர் தம் வீடுகளில் வைத்துள்ள தறியில் நெய்ததாயிருத்தல் வேண்டும் என்று 1993 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வரையறுக்கின்றது. கைத்தறியின் அருமையை அறிந்த நமக்கு அச்செய்தி உவகை தரும்.

மூன்றாவது எண்ணவேண்டுவது அளவு. மேலங்கி என்பது மேலே அணிவது. ஆகவே அதனடியில் அணியக்கூடிய கோட்டையோ கம்பளிச் சட்டையையோ அணிந்துகொண்டே அளவு பார்த்தல் வேண்டும். வெறுஞ்சட்டையோடு கடைக்குச் சென்று பொருத்தம் பார்ப்போர், குளிர் வந்தபின் கைகளை உயர்த்தவும் இயலாது தவிப்பர். தோள்தையல் தோளின் முனையில் நிற்கவேண்டும். இடுப்பையும் கையையும் தையற்காரர் பின்னர்த் திருத்தித் தருவர். தோளைத் திருத்துவது அரிது. கை, உட்சட்டையின் முனையை மறைக்கவேண்டும். நீளம் முழங்காலை அளாவினாற் போதும். அதற்கு மேற்பட்டது மாடிப்படியேறும்போது தடையாகும், மிகக் குறைந்தது தொடையைக் குளிருக்குக் காட்டிக்கொடுக்கும்.

நான்காவது எண்ணவேண்டுவது வடிவும் நிறமும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த செஸ்டர்பீல்டு என்னும் வடிவு, இடையில் வெட்டின்றி நேராக இறங்கும் அடக்கமான ஆடை. அல்ஸ்டர் என்பது அயர்லாந்தின் ஒரு பகுதியால் பெயர்பெற்றது. அகன்ற காலரும் மிக்க கனமும் உடையது, நெடும்பயணத்திற்கு ஏற்றது. 1815 இல் வாட்டர்லூப் போரில் ஒரு கையை இழந்த ராக்லன் பிரபுவின் பெயரால் வழங்கும் தையலில், கை கழுத்துவரை ஒரே துணியாய்ச் செல்லும். ஆகலின் தோள் அளவு சிறிது மாறினும் குற்றமில்லை. பொத்தான் ஒரு வரிசையாயின் எளிமை. இரு வரிசையாயின் மார்பில் துணி இரட்டித்து வெப்பம் மிகும். ஒரே ஓர் அங்கி வாங்கக்கூடிய மாணவற்கு யாம் பரிந்துரைப்பது, ஒரு வரிசைப் பொத்தானும், கருநீலம் அல்லது கரிச்சாம்பல் நிறமும், முழங்கால் நீளமும் உடையதொன்று. அஃது ஆராதனைக்கும் ஆகும்; ஆசிரியரைக் காணச் செல்வதற்கும் ஆகும்; துக்கவீட்டிற்கும் ஆகும். இவ்வாண்டு வழக்கை நோக்கி வாங்கியது வரும் ஆண்டே பழையதாகும். வழக்கு மாறியும் மாறாது நிற்கும் எளிய வடிவே பத்தாண்டு சென்றும் பழமை காட்டாது.

அணிவதிலும் சில ஒழுங்குகள் உள. புதிய அங்கியின் பின்பக்கத்துப் பிளவு குறுக்குநூலால் தைக்கப்பட்டிருக்கும். அது வழியிற் கசங்காமைப்பொருட்டுத் தையற்காரர் இட்ட தற்காலிகத் தையல். அதனை அறுத்த பின்னரே அணிதல் வேண்டும். கைம்முனையில் நிறுவனத்தின் பெயர்ச்சீட்டு இருப்பின் அதனையும் நீக்குக. விலையைக் கையிற் கட்டிக்கொண்டு திரிதல் அழகன்று. உள்ளே பருத்தி, அதன்மேற் கம்பளிச் சட்டை, அதன்மேல் மேலங்கி என அடுக்கி அணிந்தால் அடுக்குகளின் இடையே நிற்கும் காற்றும் போர்வையாகும். கழுத்தைக் கம்பளிக் குட்டையாற் சுற்றுக. அங்கி எத்துணை நன்றாயினும் கழுத்து திறந்திருப்பின் பயன் பாதி. வீட்டினுள்ளும் வகுப்பினுள்ளும் வெப்பமூட்டும் கருவிகள் இருத்தலின், உள்ளே நுழைந்ததும் அதனைக் கழற்றிவிடல் வேண்டும். கழற்றாதவன் உள்ளே வியர்த்து வெளியே நடுங்குவான்.

இதனோடு இன்னொன்றும் கூறவேண்டும். நம் ஊரிலே சித்திரை வைகாசித் திருமணங்களில் மணமகன் தடித்த கோட்டணிந்து வியர்வையில் நனைந்து நிற்பதைக் காண்கின்றோம். மணமகளைக் காண்பதோ கைக்குட்டையைத் தேடுவதோ என்று அறியாது அவர் படும் பாடு இரங்கத்தக்கது. கோட்டைப் பழித்தல் எம் நோக்கமன்று. பாரதியாரின் நிழற்படங்களிற் காணும் கோட்டும் தலைப்பாகையும் நாம் போற்றுபவை. வேட்டியின்மேற் கோட்டணிந்த ஆசிரியரையும் வழக்கறிஞரையும் நம் முன்னோர் மதித்தனர். ஆயினும் குளிர் இல்லாவிடத்துக் குளிராடையை அணிவது பெருமைக்காகவே எனின், அப்பெருமை உடலுக்குப் பகை. ஆள் பாதி, ஆடை பாதி என்னும் பழமொழியை எடுத்துக்காட்டுவோர், ஆளை வாட்டும் ஆடை எந்தப் பாதி என்பதையும் சொல்லுக.

காத்தலைப்பற்றிச் சிறிது. அங்கியை அகன்ற மரத்தாங்கியில் தொங்கவிடுக. ஆணியில் மாட்டினால் கழுத்து குலையும். மெல்லிய தூரிகையால் தூசு தட்டுக. அடிக்கடி வெளுத்தல் வேண்டா. கம்பளியை அரிப்பது அந்துப்பூச்சியின் புழு. வியர்வையும் உணவுக்கறையும் படிந்த இடத்தையே அது நாடும். ஆதலால் எடுத்துவைக்குமுன் தூய்மை செய்து, நன்றாக உலர்த்தி, மூடிய உறையில் வைத்தல் வேண்டும். வெப்பமும் ஈரமும் மாறிமாறி வரும் நம் ஊரில் இவ்வெச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

இதுவரை கூறியவை பணம் உடையார்க்கே பயன்படும். எம் கருத்தின் உயிர்நிலை இனி வருவது.

நம் மாவட்டத்தினின்று வெளிநாடு செல்வோர் எல்லாரும் செல்வர் அல்லர். நிலத்தை ஈடுவைத்தும், தாயின் நகையை அடகுவைத்தும் பயணச்சீட்டு வாங்குவோர் பலர். அவர்க்கு ஒரு நல்ல மேலங்கியின் விலை சுமை. வாங்காது சென்றால் முதற்குளிரே நோயைத் தரும். கடன்பட்டு வாங்கினால் தோளிற் கிடப்பது கடனாகும். மறுபுறம் நோக்குக. குளிர்நாடுகளிற் சில ஆண்டு இருந்து ஊர் திரும்பினோர் வீடுகளில் நல்ல மேலங்கிகள் அலமாரியுள் அடைபட்டுக் கிடக்கின்றன. நம் வெயிலில் அவற்றை அணிதல் இயலாது. விலை கொடுத்து வாங்கியதை எறியவும் மனமில்லை. இறுதியில் அவற்றை உடுத்துவது அந்துப்பூச்சியே. இருப்பவர்க்குப் பயனில்லை, வேண்டுவார்க்குக் கிட்டுவதில்லை. இந்நிலையை மாற்றுதல் அரிதன்று.

எனவே யாம் வேண்டிக்கொள்வது: நம் கல்லூரியில் ஒரு மேலங்கிப் பேழை அமைக. பழைய மாணவர் தமக்கு இனி வேண்டாத குளிராடைகளைத் தூய்மைசெய்து அதற்கு அளிப்பாராக. கடல்கடக்கும் மாணவர் தம் அளவுக்குப் பொருந்துவதை ஏட்டில் எழுதிப் பெற்றுக்கொள்க. பொருளீட்டத் தொடங்கியபின் அதனையோ, அதற்கு ஈடான வேறொன்றையோ பேழைக்குத் திருப்புக. இருபது அங்கிகளே போதும், தொடங்குதற்கு. அவற்றோடு ஒவ்வோர் ஊரின் குளிரைப்பற்றியும், படுக்கைப் போர்வையின் பயனைப்பற்றியும் கூட, முன்சென்றோர் எழுதிய ஓரேடும் இருக்குமாயின் மிக நன்று. இராமானுசனுக்குக் கிட்டாத அறிவுரை நம் மாணவர்க்குக் கிட்டும்.

பிறர் அணிந்ததை அணிதல் இழிவன்றோ எனின், அன்று என்போம். அக்குளிர்நாடுகளிலேயே அணிந்த ஆடைகளை விற்று அறஞ்செய்யும் கடைகள் தெருதோறும் உள. 1942 ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் தோன்றிய ஆக்ஸ்பாம் என்னும் அறநிலையம் அத்தகைய கடைகளாற் புகழ்பெற்றது. அங்கு வாங்குவோரை எவரும் இகழ்வதில்லை. அன்றியும் அண்ணன் சட்டையைத் தம்பி அணிந்தும், அக்காள் பாவாடையைத் தங்கை உடுத்தும் வளர்ந்த குடும்பங்கள் அல்லவோ நம்முடையவை? கல்லூரியும் ஒரு குடும்பமே எனின், அதன் மூத்த பிள்ளைகளின் ஆடை இளைய பிள்ளைகட்கு இழிவு தருமாறு எங்ஙனம்?

தமிழ் பயில்வோர்க்கு இவ்வறம் புதிதன்று. பொதினி மலைக்குத் தலைவனாகிய பேகன், மயில் குளிரால் நடுங்குவதாகக் கருதித் தன் போர்வையை அதற்கு ஈந்தான். மயில் ஆடை அணிவதில்லை என்பதை அவன் அறியாதவன் அல்லன் என்பது பரணர் கருத்து. அணியாத மயிலுக்கே அவன் கொடுத்தான். அணிந்து பயன்கொள்ளும் மாணவனுக்கு நாம் கொடுக்கத் தயங்குவதோ? நம் திருமறையும் இதனையே வற்புறுத்துகின்றது. ஏழையின் மேலாடையை ஈடாகப் பெற்றவன் பொழுது சாயுமுன் அதனைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது மோசேயின் பிரமாணம். அவனுக்குப் போர்வை வேறில்லை என்பதே காரணம். இரண்டு அங்கி உடையவன் இல்லாதவனுக்குப் பகிர்ந்தளிக்கவேண்டும் என்பது யோவான் ஸ்நானகன் போதனை. பவுல் அப்போஸ்தலரும் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில், துரோவாவிற் கார்ப்பு என்பவன் வீட்டில் வைத்துவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் கொண்டுவருமாறு கேட்கின்றார். குளிர்காலத்துக்கு முன்னரே வந்துசேரவும் வேண்டுகின்றார். திருச்சபையின் பெருந்தூணாகிய அவர்க்கும் குளிர் குளிரே. அவர் அங்கியைக் கேட்க நாணவில்லை. புத்தகத்தோடு சேர்த்தே கேட்டார். மாணவர்க்கு அவ்விரண்டும் ஒருங்கே வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று யாது?

மூத்தோர் அலமாரிகளைத் திறப்பார்களாக. இவ்வாண்டுப் புரட்டாசியில் விமானம் ஏறும் நம் மாணவன் ஒருவன், ஐப்பசியில் அயலூர்த் தெருவொன்றில் முதற்பனியைக் காணும்போது, அவன் தோள்மீது நம் கல்லூரியின் அங்கி ஒன்று கிடப்பதாக.